குழந்தைக்குக் கரப்பான்: பால் டின்னை மாற்றினால் தீருமா?

"பிள்ளைக்குக் கன்னமெல்லாம் திட்டுத் திட்டா வந்திருக்கு, எந்தப் பால் குடுக்கலாம்?"

தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் வர ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. ஒருவர் ஆட்டுப்பால் மாவு என்பார், இன்னொருவர் சோயா என்பார், மூன்றாமவர் 'லாக்டோஸ் இல்லாத' டின்னின் படத்தையே அனுப்பிவிடுவார். இரண்டு மாதத்தில் நான்கு வகைப் பால் மாறிய வீடுகள் உண்டு. பாதி தீர்ந்த டின்கள் சமையலறை அலமாரியில் வரிசையாக நிற்கும். கரப்பான் மட்டும் அப்படியே இருக்கும்.

பால் மீது ஏன் உடனே சந்தேகம் விழுகிறது? காலண்டரைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதாவது 14 வாரம். அது முடிந்ததும் தொழிற்சாலைக்கோ கடைக்கோ தோட்டத்துக்கோ அம்மா திரும்புகிறார், பிள்ளை பாட்டியிடமோ தாஸ்காவிலோ இருக்கிறது, புட்டிப்பால் தொடங்குகிறது. எக்ஸிமா என்று மருத்துவர்கள் சொல்லும் கரப்பானும் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான், முதலில் கன்னத்தில் தலைகாட்டுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் பழி டின்னின் மேல் விழுகிறது. டின்னே வாங்காத வீட்டிலும், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்கும் இதே மாதத்தில் இதே கரப்பான் வருகிறது. அந்த வீட்டில் அம்மாவின் சாப்பாட்டின் மேல் பழி. பத்தியத்தில் இன்னும் நான்கு பொருள் குறையும்.

பால் ஒவ்வாமை என்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. பசும்பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள். அதிகம் போனால் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் என்பது பொதுவான கணக்கு. எக்ஸிமாவோ பல நாடுகளில் ஐந்தில் ஒரு குழந்தை வரை தொடுகிறது. ஆகவே கரப்பான் வந்த பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குப் பால் காரணமில்லை. வேர்க்குரு, தலையில் படியும் பொருக்கு, ஈர நாப்கினால் வரும் புண் ஆகியவற்றுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், எக்ஸிமா கடுமையாக இருந்து, மருந்து பூசியும் அடங்காத கைக்குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அவர்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் மருத்துவரின் வேலை. டின்னை மாற்றி மாற்றிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வாமை இரண்டு விதமாக வரும். ஒன்று, பால் குடித்த சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வருவது: உடம்பெங்கும் தடிப்பு, உதடும் கண் இமையும் வீங்குதல், வாந்தி. மூச்சு இழுத்தாலோ பிள்ளை துவண்டு போனாலோ 999-ஐ அழைக்க வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமே இல்லை. மற்றது மெதுவானது, பல மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ கழித்துத் தெரியும்: மலத்தில் சளியும் இரத்தமும், விடாத வாந்தி, பால் என்றாலே முகம் திருப்புதல், எடை ஏறாமை. தோலில் மட்டும் திட்டு இருந்து, பிள்ளை நன்றாகக் குடித்து எடையும் ஏறினால், பாலைச் சந்தேகிக்கும் முன் தோலைக் கவனிப்பதே முறை.

இப்போது அந்த டின்களுக்கு வருவோம். ஆட்டுப்பாலின் புரதம் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்தது. பசும்பால் ஒவ்வாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒவ்வாது. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதை நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருக்கிறது. 'ஹெச்.ஏ.' என்று போட்ட பால்களில் புரதம் ஓரளவுதான் உடைக்கப்பட்டிருக்கும். ஏற்கனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது சிகிச்சை ஆகாது. சோயா சிலருக்கு உதவும், ஆனால் ஆறு மாதத்துக்கு முன் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. உண்மையான ஒவ்வாமைக்குத் தரப்படுவது புரதத்தை மிக நுணுக்கமாக உடைத்த பால், அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அமினோ அமிலப் பால். இரண்டும் சாதாரண பால் மாவைவிடப் பல மடங்கு விலை.

விலை ஏறும் இடத்தில் இன்னொரு ஆபத்து வருகிறது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று கரண்டி மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது, இடையிடையே கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது. பிள்ளை அழாது, தூங்கிவிடும். எடை நிற்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். புரதம் இல்லாமல் மாவுச்சத்தில் மட்டும் வளரும் பிள்ளைக்கு உடல் வீங்கும் நோய்க்கு 'குவாஷியோர்கர்' என்று பெயர். அதை 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். பிறகு அவர் மலாயாவுக்கு வந்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு, இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்றவர்களைச் சாடினார். நம் லயத்து வீடுகளுக்கும் ஆயா கொட்டகைகளுக்கும் அந்த டின் புதிதல்ல. இன்று அதன் மேல் 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரி வருவதற்கு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நினைத்துப் பார்க்கலாம்.

குழந்தைப் பால் விளம்பரத்துக்கு மலேசியாவில் 1979-லேயே நெறிமுறை வந்துவிட்டது, உலகச் சுகாதார நிறுவனத்தின் 1981 விதிகளுக்கும் முன்பே. ஆனால் அது நெறிமுறை, சட்டமல்ல. தொலைக்காட்சியில் ஓடியாடும் பிள்ளைகள் குடிப்பது ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்கான பால். அதே பெயர், ஏறக்குறைய அதே நிறத்தில் கைக்குழந்தைப் பால் டின் கடையில் பக்கத்தில் இருக்கும். 2016 தேசிய சுகாதார ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 47.1 விழுக்காட்டினரே தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். கரப்பானுக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிட்டு 'ஸ்பெஷல்' டின்னுக்குப் போகும் அம்மாக்களைத்தான் இதில் எனக்கு மிகவும் வருத்தமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாய்ப்பாலில் ஒவ்வாமை என்று உறுதியானால்கூட அம்மா பால் பொருள்களைத் தவிர்த்துக்கொண்டு தொடர்ந்து பாலூட்டலாம்.

தோலுக்கு என்ன செய்வது? சுகாதார அமைச்சின் 2018 எக்ஸிமா சிகிச்சை வழிகாட்டி முதலில் வைப்பது ஈரப்பதக் கிரீமைத்தான்: தாராளமாக, தினமும், குளித்த ஈரம் காயும் முன். வெந்நீர் வேண்டாம், வாசனைச் சோப்பு வேண்டாம். கடலை மாவைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தையும் அந்தச் சில மாதங்களுக்கு நிறுத்தி வையுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கரப்பான் சீறும்போது மருத்துவர் தரும் மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன நாளுக்குப் பூசினால் கெடுதல் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. புத்தகப் படங்களில் இருப்பது வெள்ளைத் தோலின் சிவப்பு. மாநிறத்திலும் கறுப்பிலும் அது சாம்பலாக, கரும்பழுப்பாக, சொரசொரப்பான சிறு பொரியாகத் தெரியும். பார்ப்பவர் 'லேசாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடலாம். ஆறிய பின் அந்த இடம் வெளுத்துத் தெரிவதும் உண்டு. களிம்புதான் வெளுக்க வைத்தது என்று எண்ணிப் பலர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இணையத்தில் 'இயற்கை மூலிகை' என்று விற்கும் கிரீமுக்குப் போகிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது தடை செய்து அறிவிக்கும் கிரீம்களில் வலுவான ஸ்டீராய்டு கலந்தவையும் இருக்கின்றன. இரண்டே நாளில் மறைந்துவிட்டது என்று யாராவது புகழ்ந்தால், அந்த வேகமே சந்தேகத்துக்குரியது.

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, அங்கிருந்து நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. பணம் தடையில்லை, ஒரு நாள் சம்பளம்தான் தடை. வரிசையில் காலை முழுக்கப் போய்விடும், உள்ளே கிடைப்பது ஐந்து நிமிடம், அதிலும் மலாயில் தயங்கித் தயங்கிப் பேசும் பாட்டியாக இருந்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். அந்த வெற்றிடத்தைத்தான் வாட்ஸ்அப்பும் கடைக்காரரும் நிரப்புகிறார்கள். மித்ரா நிதியிலிருந்து பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி வருகிறது, நல்லது. ஒவ்வாமை என்று அரசு மருத்துவர் உறுதி செய்த வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த விலையுயர்ந்த பாலுக்கும் ஓர் ஆண்டு உதவலாமே. இத்தகைய பிள்ளைகள் எண்ணிக்கையில் அதிகமிருக்க மாட்டார்கள். பெரும்பாலோருக்கு ஐந்து வயதுக்குள் ஒவ்வாமை விட்டும் போகும்.

ஒவ்வாமையை உறுதி செய்யும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும்: இரண்டு முதல் நான்கு வாரம் பசும்பாலை முழுக்க நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி மீண்டும் கொடுத்துப் பார்ப்பது. நிறுத்தியதும் குறைந்து, கொடுத்ததும் திரும்பி வந்தால்தான் பால் குற்றவாளி. முடியை அனுப்பிச் செய்யும் 'ஒவ்வாமைப் பரிசோதனை'க்குக் கொடுக்கும் பணம் வீண்.

அடுத்த தடுப்பூசித் தேதிக்குப் போகும்போது, இப்போது கொடுக்கும் பால் டின்னையும், பூசிய எண்ணெய், கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கரப்பான் சீறிய நாள்களில் வெளிச்சத்தில் எடுத்த படம் கைப்பேசியில் இருக்கட்டும். போகிற நாளில் பார்த்துத் திட்டு அடங்கியிருக்கும், அந்தப் படத்தைக் காட்டலாம்.