ஆமைக்கு இடும் பச்சிலையும் அதன் பெயரும்

கடத்துவோரிடமிருந்து மீட்கப்படும் நட்சத்திர ஆமைகள் பராமரிப்பு நிலையத்திற்கு வந்து சேர்ந்ததும், அவற்றிற்கு எதை உணவாக இடுவது என்னும் கேள்வி எழுகிறது. வறண்ட புதர்க்காடுகளில் புல்லையும் பூண்டையும் மேய்ந்து வாழ்வது இப்பிராணியின் இயல்பு. ஆதலின் வேலியோரத்திலும் கொல்லைப்புறத்திலும் தாமே முளைக்கும் செடிகளைப் பறித்து இடுதல் பொருத்தமே. ஆனால், பெயர் உறுதி செய்யப்படாத எந்தச் செடியையும் இடலாகாது என்பதே எமது கருத்து.

“ஆடு மேய்கின்ற தழை ஆமைக்கு என்ன தீங்கு செய்யும்?” என்று களப்பணியாளர் சிலர் வினவுவதுண்டு. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சில நச்சுப் பொருள்களைச் சிதைத்துவிடுகின்றன. ஆமைக்கு அத்தகைய இரைப்பை இல்லை. “காட்டில் ஆமை தானே அறிந்து உண்ணவில்லையா?” என்பாரும் உளர். காட்டில் அது பல செடிகளைச் சிறிது சிறிதாகக் கடித்துச் செல்கிறது. அடைப்பிலோ நாம் இடும் ஒரே கட்டுத் தழையன்றி அதற்கு வேறு வழியில்லை. சிறிது கொடுத்துப் பார்ப்போம் என்பதும் தக்க சோதனையன்று. ஆமையின் சீரணம் மிக மெதுவானது. உண்ட உணவு பல நாட்கள் குடலில் தங்கும். கேடு வெளிப்படும்போது காலம் கடந்திருக்கலாம்.

இனி, பெயரறிதலில் நேரும் இடர்ப்பாட்டைக் காண்போம். ‘புனர்நவா’ என்னும் ஒரே மருந்துப் பெயரால் மூக்கிரட்டை, சாரணை ஆகிய இரு செடிகளும் நம் நாட்டில் வழங்கிவருகின்றன. மூக்கிரட்டையின் சிறு பூக்கள் மெல்லிய காம்புகளில் கிளைத்து நிற்கும். அதன் காய்கள் துணியில் ஒட்டிக்கொள்ளும். சாரணையின் பூக்களோ தனித்தனியே இலைக்காம்பின் அடியில் மறைந்திருக்கும். சாரணையில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடுவதால், நாள்தோறும் இட்டால் ஓட்டிற்கும் எலும்பிற்கும் கேடு விளையக்கூடும். பருப்புக்கீரைக்கும் இது பொருந்தும். எனவே பாதுகாப்பு என்பது செடியை மட்டுமன்றி அளவையும் பொறுத்தது.

பருப்புக்கீரை என்று எண்ணிச் சித்திரப்பாலாடையைப் பறித்துவிடுவதும் எளிது. இரண்டும் தரையோடு படர்வன. தண்டை ஒடித்தால் பருப்புக்கீரையில் நிறமற்ற சாறு கசியும். சித்திரப்பாலாடையில் எரிச்சலூட்டும் வெண்பால் வடியும். ஆயினும் பால் வடிவதெல்லாம் நஞ்சென்று முடிவு செய்தலும் பிழையே. முசுக்கொட்டை இலையிலும் பால் உண்டு. ஆமைக்கு அது நல்லுணவு. ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, ஒவ்வொரு நிலையமும் தன் சுற்றுப்புறச் செடிகளை வேர், இலை, பூ, காய் ஆகியவற்றுடன் சேகரித்து, அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, இடமும் நாளும் வட்டாரப் பெயரும் குறித்து வைத்தல் வேண்டும். ஐயமுள்ளவற்றை 1890-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் வட்டார நிலையத்திற்கு அனுப்பிப் பெயர் உறுதி செய்துகொள்ளலாம். கோயம்புத்தூர், புனே, டேராடூன் முதலிய இடங்களில் இந்நிலையங்கள் உள்ளன. உண்ணிச்செடி, அரளி, ஊமத்தை, ஆமணக்கு ஆகியவற்றின் மாதிரிகளைத் தழை பறிப்போர் கண்ணில் படுமாறு தொங்கவிடுதல் நலம். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த இடத்தில் நல்ல செடியையும் பறிக்கலாகாது.

ஆசிரியர்களுக்கும் இப்பணியில் பங்குண்டு. ஆமையைப் பள்ளியில் வளர்க்க முற்படுதல் தவறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் நட்சத்திர ஆமையை முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. கண்டெடுத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. மாணவர் வளர்க்கத்தக்கது செடியறிவு. பள்ளி வேலியோரத்தில் முளைக்கும் இருபது பூண்டுகளைப் பூவும் காயும் கொண்டு ஐயமறப் பெயர் சொல்லும் மாணவன், நாளை பராமரிப்பு நிலையத்தில் தழை பறிக்கும் பணியை ஏற்பானாயின், வாயில்லாப் பிராணிகள் பல பிழைக்கும்.