ஒத்தாசையா, வேலையா?

"பிள்ளைகள் கடையில் கொஞ்சம் ஒத்தாசை செய்தால்தான் என்ன?" சொந்தத் தொழில் நடத்தும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. செய்யட்டும், தப்பே இல்லை. ஆனால் அந்த ஒத்தாசைக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பிரிட்டனில் சீனச் சாப்பாட்டுக் கடை வைத்த குடும்பங்களைப் பாருங்கள் சகோதரிகளே.

ஹாங்காங் கிராமங்களில் நெல் விளைவித்தவர்கள், விவசாயம் கட்டுப்படியாகாமல் 1950, 60-களில் பிரிட்டனுக்குப் பிழைக்கப் போனார்கள். முதலில் ஆண்கள், பின்னால் மனைவி மக்கள். சேர்த்த பணத்தில் சின்னச் சின்ன ஊர்களில் பார்சல் கடை போட்டார்கள். பல குடும்பங்களுக்குக் கீழே கடை, மாடியில் குடித்தனம். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மிஞ்சுவது என்ன? அதனால் வீட்டுப் பிள்ளைகளே ஆள்!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இறால் உரிக்கணும், டெலிபோனில் ஆர்டர் எழுதணும், சில்லறை எண்ணித் தரணும். வீட்டுப்பாடம் கவுண்டரிலேயே, ஆர்டருக்கு ஆர்டர் நடுவில். மற்றப் பிள்ளைகள் ஊர் சுற்றும் வெள்ளி, சனி ராத்திரிகளில்தான் கடையில் கூட்டம் நெரியும்.

இதைவிடப் பெரிய சுமை பேச்சு. பெற்றோருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. பாங்குக் கடிதம், டாக்டர் சொல்வது எல்லாம் பிள்ளை வாய்வழியாகத்தான். குடித்துவிட்டு வருகிறவன் சீனர்களைக் கேவலமாகத் திட்டினால், அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பல பிள்ளைகள் சொல்லாமலே முழுங்கியிருக்கிறார்கள்.

இப்படி வளர்ந்தவர்களைப் பேட்டி கண்டு மிரி சாங் என்ற சமூகவியலாளர் 1999-ல் புத்தகமே எழுதினார். 'ஒத்தாசை செய்வது' என்பதுதான் அதன் தலைப்பு. வேல்ஸில் பெற்றோரின் கடையில் வளர்ந்த ஏஞ்சலா ஹுய், 2022-ல் 'டேக்அவே' என்று தன் கதையை எழுதினார். என் மகள் அதைப் படித்துச் சொல்லக் கேட்டேன். கஷ்டத்தோடு பாசமும் இருக்கிறது, நடுநடுவே வீட்டுச் சமையல் குறிப்புகளும்! கடையில் விற்றது சிப்ஸும் கறிக் குழம்பும். குடும்பம் கூடி உட்கார்ந்து சாப்பிட்டதோ வேறு சமையல்.

நம்மில் கடை, மெஸ், தையல் என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்கும் நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்ச நேரத்தில் வேலை சொல்லுங்கள். பரீட்சை சமயத்தில் கூப்பிடவே வேண்டாம். கடை சாத்தியதும் கணக்கு மட்டும் கேட்காமல், "இன்னைக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா கண்ணு?" என்றும் கேளுங்கள். கேட்டால்தானே அது வாயைத் திறக்கும்?