37 விழுக்காட்டின் பின்னே ஒளியும் சாதி

"அது அவங்க குடும்ப வியாதி." ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் ஒருவர் மனமுடையும்போதெல்லாம் இந்த வரியை நான் கேட்டிருக்கிறேன். இப்போது அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டார்கள்: "மனச்சோர்வு மரபுவழி நோய்தானே, இதில் சாதி எங்கே வந்தது?"

தோழர்களே, மரபுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பது நம் வேலையல்ல. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளியான சல்லிவன், நீல், கெண்ட்லர் கட்டுரை, கடும் மனச்சோர்வின் மரபுப் பங்கைச் சுமார் 37 விழுக்காடு என்று கணக்கிட்டது. ஆனால் ஒருவரது துயரத்தில் 37 பங்கு ரத்தத்திலிருந்து வந்தது என்பதல்ல இதன் பொருள். ஒரு மக்கள் தொகுதிக்குள் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணு வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதே அந்த எண். தனி ஒருவர் ஏன் உடைந்தார் என்று அது சொல்லாது. சூழல் மாறினால் எண்ணும் மாறும்.

'மனச்சோர்வு மரபணு' என்று ஒன்றும் கிடையாது. முன்பு சந்தேகிக்கப்பட்ட 18 மரபணுக்களுக்கு ஆதாரம் இல்லை என்று 2019இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு 8 லட்சம் பேரிடம் தேடிய இன்னோர் ஆய்வு 102 மரபணு மாறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. அந்த 8 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் விடுதி அறைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ரோகித் வெமுலாவின் உதவித்தொகை நின்றது, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். விசாரித்த ரூபன்வால் ஆணையமோ சொந்தக் காரணங்கள் என்றது. சொந்தம் என்ற அந்தச் சொல்தான் நாளை 'மரபு' என்று பெயர் மாற்றிக்கொண்டு வரும்.

ஒரு பேச்சுக்கு, முன்சாய்வு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆஸ்துமா உள்ளவரைப் புகை மூட்டிய அறையில் பூட்டியவன், "அவன் நுரையீரல் அப்படி" என்று தப்பிக்க முடியுமா? பலவீனம் தெரிந்தால் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

பிறப்பே விதி என்பது சாதியின் மூலச் சூத்திரம். அதே சூத்திரத்தை 1933இல் சட்டமாக்கிய நாஜிகள், மனநோயாளிகள் உள்பட ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள்.

"எல்லாம் சமூகப் பிரச்சினை, மாத்திரை எதற்கு?" என்னும் நம்மவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. புகைக்கு எதிராகப் போராடுகிறவர் இன்ஹேலரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தியவர் மீது புகாரும் கொடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.