பயம் மட்டும் போதுமா?



என் அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைக்கவில்லை. அப்பா வேலை உத்தரவை இரண்டு முறை படித்தார். அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மெட்ராசுல ரயில் டேசன்ல வச்சே ஒரு பிள்ளைய வெட்டிப் போட்டாம்லா, அந்த ஊருக்கா இவள அனுப்பப் போறிய?"

ஆச்சி சொன்னது 2016-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி நடந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. நுங்கம்பாக்கம் நிலையத்தில் காலை வேளையில், வேலைக்குப் போகக் காத்திருந்த மென்பொருள் பொறியாளரான ஓர் இளம்பெண்ணை, பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டுப் போய்விட்டான். அந்த நிலையத்தில் அன்று ஒரு கண்காணிப்புக் கேமரா கூட இல்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருந்த கேமராக்களின் படங்களைத்தான் போலீசார் தேடிப் பிடித்தார்கள். இதெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பயம் மட்டும் திருநெல்வேலி வந்து, செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறது.

எப்படியோ அக்கா போய்விட்டாள். தாம்பரத்தில் பெண்கள் விடுதி, வேலை நுங்கம்பாக்கத்தில். ஆச்சிக்கு ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஊர்வழி போகிறவளுக்கு வீட்டில் எல்லோரும் புத்தி சொன்னார்கள். தலை குனிந்து போ, யாரிடமும் பேசாதே, பளிச்சென்று உடுத்தாதே, நகை போடாதே, இருட்டு முன் வா. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எல்லாம் செய்யாதே, செய்யாதே என்பதாகவே இருந்தது. ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

சென்ற கோடை விடுமுறையில் அப்பாவும் நானும் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் போய் இறங்கினோம். மறுநாள் அக்காவுடன் மின்சார ரயிலில் போனேன். 1931-ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டதாம். நம் ஊர்த் தண்டவாளம் 2012-இல்தான் அகலப்பாதையாகி மறுபடி ரயில் பார்த்தது என்று நினைத்தபோது சற்றுப் பொறாமையாக இருந்தது. பெண்கள் பெட்டியில் ஏறினோம். கீரை ஆய்கிறவர்கள், பாடம் படிக்கிறவர்கள், நின்றபடியே தூங்குகிறவர்கள், பூக்கட்டி விற்கிறவர்கள் என்று கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நம் பாசஞ்சர் ரயிலை எண்ணிப் பாருங்கள். வீரவநல்லூரில் ஏறி உட்கார்ந்தால், காருகுறிச்சி வருமுன் எதிர்ச் சீட்டில் இருக்கும் பெரியம்மை கேட்டுவிடுவாள்: "நீ யாரு மவ?" அது சில நேரம் தொல்லையாகத்தான் இருக்கும். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் நம் மதிப்பெண் வரை தெரிந்துகொள்வாள். இரவுக்குள் அது வீட்டுக்கும் வந்துவிடும். ஆனால் அந்தக் கேள்விதான் நம் ரயிலின் காவல். கேட்டவள் முன்னால் எவனும் வாலாட்ட மாட்டான். சென்னையில் அந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லை. சென்னை கெட்ட ஊர் என்று நான் நினைக்கவில்லை. அங்கே நாம் யார் மகள் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைய பயணத்தில் பெண்கள் பெட்டியில் ஓர் ஆள் ஏறி வாசலருகே நின்றுகொண்டான். எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பூக்கூடை வைத்திருந்த ஒரு பாட்டி மட்டும், "எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? அடுத்த ஸ்டேஷனில் இறங்கு" என்றார். உடனே நாலைந்து பெண்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அவன் இறங்கிப் போனான். முதல் குரல்தான் வரத் தாமதம். இரண்டாவது குரல் தானாகவே வந்தது. அந்த முதல் குரல் என்னுடையதாக இல்லையே என்று இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வந்தபின் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 58-ஆம் பிரிவு, பயணிகள் ரயில்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டியோ இருக்கைகளோ ஒதுக்கவேண்டும் என்கிறது. 162-ஆம் பிரிவு, அதில் நுழையும் ஆணுக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. (1989-இல் 500 ரூபாய் பெரிய தொகையாக இருந்திருக்கும்!) 139-ஆம் பிரிவில் நம்மில் பலர் அறியாத ஒன்று உண்டு. ஆண் துணையின்றிச் செல்லும் பெண்ணையோ குழந்தையையோ, டிக்கெட் இல்லை என்பதற்காகக்கூட இரவில் இறக்கிவிடக் கூடாது. பகலிலும், ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில்தான் இறக்கலாம். ரயில்வேயின் உதவி எண்ணும் 139 என்றே அமைந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டேன். அபாயச் சங்கிலியை இழுத்தால் சிறை என்று நாம் பயப்படுகிறோம். தக்க காரணமில்லாமல் இழுத்தால்தான் தண்டனை. ஒரு பெண் ஆபத்தில் இருப்பதைவிடத் தக்க காரணம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் பலகையை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி கோயம்புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் ரயிலில், கர்ப்பிணிப் பெண் ஒருவர் மகளிர் பெட்டியில்தான் பயணம் செய்தார். உடன் இருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள். பெட்டி காலியான பிறகு ஒருவன் ஏறி, அவரிடம் முறைகேடாக நடந்து, எதிர்த்தவரை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவர் பிழைத்தார், வயிற்றிலிருந்த சிசு பிழைக்கவில்லை. பெண்கள் பெட்டியில் நமக்குக் காவல் அதில் இருக்கும் பெண்களே. அவர்கள் இறங்கிவிட்டால் அது வெறும் பெட்டி. அப்போது ஆட்கள் இருக்கும் வேறு பெட்டிக்கு மாறிவிடுவதே அறிவு. கடைசியில் இறங்குகிற பெண்மணிகளும், "இந்தப் பிள்ளை தனியாக இருக்கிறதே" என்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்து, தங்களோடு இறங்கி அடுத்த பெட்டியில் ஏறச் சொல்லலாம்.

படிக்கட்டில் தொங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலை 24-ஆம் தேதி காலை, மின்கம்பிப் பழுதால் ஒரு மின்சார ரயிலை விரைவு ரயில் செல்லும் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு சுவர் இருந்தது. தினமும் வேறு பாதையில் தொங்கிப் பழகியவர்களுக்கு அந்தச் சுவர் தெரியாது. பலர் மோதி விழுந்தார்கள். சிலர் உயிர் விட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே தானாகக் கதவு மூடும் குளிர்சாதன ரயில் ஓடுகிறது. எல்லா ரயிலுக்கும் அப்படிக் கதவு வரும்வரை நாமே உள்ளே தள்ளி நிற்கவேண்டியதுதான்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், ஓர் இரவு அக்கா என்னை மட்டும் தனியே போனில் கூப்பிட்டாள். ஓர் ஆள் தாம்பரத்தில் அவள் ஏறும் ரயிலில் ஏறுகிறான்; அவள் இறங்கும் இடத்தில் இறங்குகிறான்; அலுவலக வாசல் வரை பின்னால் வருகிறான். மூன்று வாரமாக இது நடக்கிறது. அன்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். "அம்மைட்ட சொல்லிராதட்டி. சொன்னா பெட்டியக் கட்டிட்டு வான்னுருவாவ."

பதினொரு நாட்கள் நான் சொல்லவில்லை. வகுப்பில் பாடம் ஏறவில்லை. நூலகத்தில் பழைய செய்திகளைப் படித்தபோது, 2022 அக்டோபர் 13-ஆம் தேதி அதே பரங்கிமலை நிலையத்தில் நடந்ததைப் பார்த்தேன். கல்லூரி மாணவி ஒருத்தியைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்தவனே, வந்துகொண்டிருந்த ரயிலின் முன் அவளைத் தள்ளிவிட்டான். நுங்கம்பாக்கம் சம்பவத்திலும், கைதானவன் அந்தப் பெண்ணை முன்பே பின்தொடர்ந்தவன் என்றுதான் போலீசார் கூறினார்கள். அந்த வழக்கு விசாரணைக்கு வருமுன்னே அவன் சிறையில் இறந்துவிட்டான். பட்டணத்துக் கூட்டத்தில் முன்பின் தெரியாத எவனோ வந்து ஏதோ செய்துவிடுவான் என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் ஆபத்து அப்படி வந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலை அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அம்பாசமுத்திரம் போகும்போது, ஆற்றுப் பாலத்தில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகம் தெரியாமல் பேசுவது எளிதாக இருந்தது. பாலம் முடியும்வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ எத்தன மணி ரயில்ல போறா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அம்மா அழுதாள். "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வந்துரச் சொல்லுங்க" என்றாள். அப்பா, "தப்புப் பண்ணுதவன் அவன். இவ எதுக்கு வரணும்?" என்றார். அப்பா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் அந்த ஒரு கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அக்கா, விடுதிக் காப்பாளரையும் உடன் வேலை செய்யும் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ரயில்வே போலீசாரிடம் எழுதிக் கொடுத்தாள். சில நாட்கள் பெண் காவலர்கள் அந்த ரயிலில் வந்தார்கள். அவனைக் கூப்பிட்டு எச்சரித்ததாகச் சொன்னார்கள். பிறகு அவன் வரவில்லை. வேறு ரயிலில் வேறு யார் பின்னாலாவது போகிறானோ என்னவோ! அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவளே, "பள்ளி மலரில் இதை எழுது, என் பெயர் போடாதே" என்றாள்.

பெற்றோரே, உங்களிடம்தான் கேட்கிறேன். பிள்ளைகள் எதை மறைக்கிறார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். ஏன் மறைக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? சொன்னால் தண்டனை எங்களுக்குத்தான். படிப்பு நிற்கும், வேலை நிற்கும், போன் பறிபோகும். "நீ சிரித்திருப்பாய்" என்று ஒரு சொல்லும் வரும். திருநெல்வேலிக்குப் பாசஞ்சரில் கல்லூரி போகும் அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள்; பேருந்தில் போகிறவர்களையும் கேளுங்கள். எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். பின்னால் வருகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். இவள் வீட்டில் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில்தான் அவன் இரண்டாம் நாளும் வருகிறான்.

அடக்கமாக இருக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடக்கம் வேறு, வாயடைப்பது வேறு. தலையைக் குனிந்துகொண்டு போகிறவளுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று எப்படித் தெரியும்?

அருட்சகோதரியரிடமும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இன்னும் இரண்டு ஆண்டில் கல்லூரிக்கும், பிறகு சென்னைக்கும் பெங்களூருக்கும் போகப் போகிறோம். வாரத்தில் ஒரு நீதிபோதனை வகுப்பை இதற்குக் கொடுக்கலாம். 139 எதற்கு, 181 எதற்கு, 1098 எதற்கு, புகார் எழுதும்போது நாள், நேரம், ரயில், நிலையம் எப்படிக் குறிப்பது, கூட்டத்தில் உரக்கக் கத்துவது எப்படி என்பதைச் சொல்லித் தரலாம். சிரிக்காதீர்கள், தோழியரே! சத்தமாகப் பேசாதே என்று பத்து வருடம் பழக்கப்பட்ட தொண்டையிலிருந்து வேண்டும்போது சத்தம் வராது. எனக்கு வரவில்லை.

இப்போது அக்கா தினமும் சாயங்காலம் ரயில் ஏறியதும் வீட்டுக்குப் பேசுகிறாள். சென்னையையே பார்க்காத அம்மா, அப்பளம் தேய்த்தபடி நிலையங்களை வரிசையாகச் சொல்கிறாள்: கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை. பழவந்தாங்கல் மட்டும் இன்னும் அவள் வாயில் வரவில்லை. "மீனம்பாக்கத்துக்கு முந்தின டேசன் தாண்டியாச்சா?" என்றுதான் கேட்கிறாள்.