சைகை மொழி உரைபெயர்ப்பாளர்: தகைமையை உறுதிப்படுத்துவது யார்?

தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் கையொப்பமிடுவது எத்தகைய அனுபவம் என்பதை இந்நாட்டின் தமிழ் பேசும் மக்களுக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படும். எழுதப்பட்டது தாம் சொன்னதுதானா என்று சரிபார்க்க வழியிராது. தசாப்தங்களாக நாம் பேசிவரும் மொழியுரிமையின் சாரம் முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகின்றது.

அதே இடத்தில் செவிப்புலனற்ற ஒருவரை நிறுத்திப் பார்ப்போம். அங்கே பேசப்படுவது எந்த மொழியாக இருந்தாலும் அது அவரை எட்டப்போவதில்லை. அவர் கைகளாலும் முகக்குறிகளாலும் கூறுவதை அதிகாரியும் அறியார். அயலவரோ உறவினரோ ஒருவர் அழைத்து வரப்படுகின்றார். "இவருக்குச் சைகை தெரியும்" என்று யாரோ சொல்வதே அவருடைய தகைமையாகி விடுகின்றது. அவர் சொல்வது வாக்குமூலமாகின்றது. பாதிக்கப்பட்டவரின் வாழ்வும் சில வேளைகளில் ஒரு சந்தேக நபரின் சுதந்திரமும், எவராலும் பரீட்சிக்கப்படாத அந்த இடையாளரின் கைகளில் விடப்படுகின்றன.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. பேச இயலாத சாட்சி ஒருவர் எழுத்து மூலமாகவோ சைகை மூலமாகவோ திறந்த நீதிமன்றத்தில் சாட்சியமளிக்கலாம் என்பதை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. வழக்கின் மொழியை அறியாத தரப்பினருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்பு வழங்கும் பொறுப்பை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அரசின் மீது சுமத்துகின்றது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேற்றப்பட்டது. வலுவிழந்தோரின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கைச்சாத்திட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை வெறுமனே சைகை மொழி உரைபெயர்ப்பாளர் என்று கூறவில்லை. "தொழில்வாண்மை" பெற்ற உரைபெயர்ப்பாளர் என்றே கூறுகின்றது. அந்த ஒரு சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள், அதனை அளந்து உறுதிப்படுத்துவது யார் என்பனவே இன்று விடை காண வேண்டிய கேள்விகளாகும்.

சைகை மொழி என்பது பேச்சு மொழியின் சொற்களைக் கைகளால் ஒவ்வொன்றாகக் காட்டுவது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது தனக்கெனச் சொற்றொகுதியும் இலக்கணமும் கொண்ட முழுமையான மொழி என்பதை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960இலேயே எடுத்துக்காட்டினார். எனவே உரைபெயர்ப்பாளருக்கு இரு மொழிகளிலும் புலமை வேண்டும். அதற்கு மேல், ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் கூறும் பயிற்சியும், தன் கருத்தைக் கலவாத நடுநிலையும், அறிந்த இரகசியத்தை வெளியிடாத ஒழுக்கமும் வேண்டும். தமிழும் சிங்களமும் நன்கு பேசும் அனைவரும் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக முடியாது என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், சைகை மொழி விடயத்தில் மட்டும் அதனை மறந்துவிடுகின்றோம்.

உறவினரை உரைபெயர்ப்பாளராக்கும்போது இந்த ஆபத்து மேலும் கூடுகின்றது. வன்முறைக்குள்ளான செவிப்புலனற்ற பெண்ணின் முறைப்பாட்டை அவ்வன்முறையைப் புரிந்தவரின் சகோதரரே எடுத்துரைக்க நேர்ந்தால் என்னவாகும்? சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் பெறப்படும் வேளையில், "பயப்பட ஒன்றுமில்லை, கையொப்பமிடு" என்று மகன் சுருக்கிக் கூறினால் அதனைச் சம்மதம் எனலாமா? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியின் முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்றுவதற்கு இடமளிக்கவில்லை. அங்கு வரும் செவிப்புலனற்ற பெண்ணொருவருக்கு உரைபெயர்ப்பாளர் மட்டுமே துணை. அவரும் எதிர்த்தரப்பின் உறவினராக இருந்தால் அப்பெண்ணின் நியாயத்தைக் காதி எவ்வாறு அறிவார்?

தகைமையைச் சோதிக்காததன் விளைவை உலகம் 2013 டிசம்பர் 10ஆம் திகதி நேரடியாகவே கண்டது. தென்னாபிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் நினைவஞ்சலி நிகழ்வில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா உள்ளிட்ட தலைவர்களின் அருகே நின்று ஒருவர் சைகை செய்துகொண்டிருந்தார். செவிப்புலனுள்ள பார்வையாளருக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. அந்தக் கையசைவுகளுக்குப் பொருளே இல்லை என்பதை அம்பலப்படுத்தியவர்கள் செவிப்புலனற்றோரே. 2017 செப்டெம்பரில் இர்மா சூறாவளி நெருங்கியபோது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மனாட்டி மாவட்ட நிர்வாகம் நடத்திய அவசர ஊடகச் சந்திப்பிலும் இத்தகைய தவறு நேர்ந்தது. அங்கு நிறுத்தப்பட்டவர் மாவட்ட ஊழியரான ஓர் உயிர்காப்பாளர். அவருடைய சகோதரர் செவிப்புலனற்றவர். அவரிடம் வஞ்சகம் இருக்கவில்லை. ஆயினும் வெளியேற்ற எச்சரிக்கைக்கு நடுவே "பீட்சா", "அரக்கர்" என்ற பொருள் தரும் சைகைகள் வெளிப்பட்டன. நல்லெண்ணம் தகைமைக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விரு சம்பவங்களிலும் ஒரு பொதுப் பாடம் உண்டு. உரைபெயர்ப்பாளரை அமர்த்துபவர் சைகை மொழி அறியாதவர். சேவையைப் பெறுபவரோ பேசப்பட்டதைக் கேட்காதவர். எனவே பிழை நேர்ந்தால் அந்த இடத்திலேயே அதனைக் கண்டுபிடிக்கக்கூடியவர் பெரும்பாலும் எவருமில்லை. இதனாலேயே இத்தொழிலில் முன்கூட்டிய பரீட்சையும் பதிவும் ஏனைய தொழில்களை விடவும் அவசியமாகின்றன.

பிற நாடுகள் இதற்கு எவ்வாறு விடை தேடின? அமெரிக்காவில் உரைபெயர்ப்பாளர் பதிவகம் 1964இல் தோன்றியது. அதன் தேசியச் சான்றிதழுக்கு அறிவுப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. 2012 முதல், செவிப்புலனுள்ள விண்ணப்பதாரிகளிடம் இளமாணிப் பட்டம் எதிர்பார்க்கப்பட்டது. எனினும் அனுபவத்தையும் கணக்கிலெடுக்கும் மாற்று வழியொன்றும் திறந்து வைக்கப்பட்டது. சான்றிதழைத் தக்கவைக்க நான்காண்டுகளுக்கு ஒருமுறை 80 மணித்தியாலத் தொடர் பயிற்சியைக் காட்ட வேண்டும். 1990ஆம் ஆண்டின் வலுவிழந்த அமெரிக்கர் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள், திறம்படவும் துல்லியமாகவும் பக்கச்சார்பின்றியும் உரைபெயர்க்க வல்லவரையே தகைமையுள்ளவர் என வரையறுக்கின்றன. உடன் வந்த பிள்ளையை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதையும் அவசர நிலைமை தவிர்ந்த வேளைகளில் அவை தடுக்கின்றன. அவுஸ்திரேலியாவில் 1977இல் உருவான தேசிய அங்கீகார அதிகாரசபை, பேச்சு மொழி உரைபெயர்ப்பாளரையும் சைகை மொழி உரைபெயர்ப்பாளரையும் ஒரே கூரையின் கீழ் பரீட்சித்து, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்குமாறு கோருகின்றது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம், பேச இயலாத சாட்சியின் கூற்றைப் பதியும்போது உரைபெயர்ப்பாளரின் அல்லது விசேட கல்வியாளரின் உதவியைப் பெறுமாறும், அக்கூற்றை ஒளிப்பதிவு செய்யுமாறும் விதித்தது.

ஆனால் இந்த ஏற்பாடுகளை அப்படியே இங்கு பெயர்த்து நடுவது விவேகமாகாது. தகைமையை உயர்த்த வேண்டும் என்போருக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழுப்பப்படுகின்றது. உரைபெயர்ப்பாளர்களே அரிதாக இருக்கும் நாட்டில், பட்டமும் சான்றிதழும் கேட்டால் இருப்பவர்களும் விலகிவிட மாட்டார்களா என்பதே அது. பெற்றோர் இருவரும் செவிப்புலனற்றவர்களாக இருக்க, சைகையையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவரிடம் பட்டம் இராதிருக்கலாம். விசேட பாடசாலையில் முப்பதாண்டுகள் கற்பித்த ஆசிரியரிடம் உரைபெயர்ப்புச் சான்றிதழ் இராதிருக்கலாம். இவர்களை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒதுக்கிவிட்டால் முதலில் பாதிக்கப்படப்போவது செவிப்புலனற்றோரே.

இதற்கான விடை தராதரத்தைக் கைவிடுவதன்று. அதனைப் படிகளாக அமைப்பதாகும். தேசிய தொழில் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் இருப்பதை நாம் அறிவோம். அதுபோலவே அலுவலகக் கருமபீடத்துக்கு ஒரு மட்டமும், வகுப்பறைக்கும் வைத்தியசாலைக்கும் அதனினும் உயர்ந்த மட்டமும், நீதிமன்றத்துக்கு ஆகவும் உயர்ந்த மட்டமும் வகுக்கப்படலாம். அனுபவசாலிகள் செய்முறைப் பரீட்சை மூலம் பதிவு பெறக் கால அவகாசம் அளிக்கப்படலாம். விசேட பாடசாலைக்கே செல்லாமல் வீட்டுக்குள் உருவான சைகைகளை மட்டும் அறிந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். அத்தகையோரின் கூற்றை விளங்கிக்கொள்ளச் செவிப்புலனற்ற ஒருவரையே துணை உரைபெயர்ப்பாளராகப் பயிற்றும் முறை அமெரிக்காவில் உண்டு. இங்கும் அது மிகவும் பொருத்தமானதாகும்.

தமிழ் பேசும் மக்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இரத்மலானையில் 1912இல் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை ஆரம்பமானது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பணியை ஆற்றி வருகின்றது. வெவ்வேறு பாடசாலைகளில் வளர்ந்த பிள்ளைகளின் சைகைகளுக்கிடையே வேறுபாடுகள் இருப்பது இயல்பே. உரைபெயர்ப்பாளரின் மற்றைய கால் ஊன்றியிருப்பதோ ஒரு பேச்சு மொழியில். பயிற்சியும் பரீட்சையும் கொழும்பில், சிங்களத்தில் மட்டுமே நடைபெறுமாயின், மட்டக்களப்பு வைத்தியசாலையில் தமிழில் பேசும் வைத்தியருக்கும் செவிப்புலனற்ற நோயாளிக்கும் இடையே நிற்கக்கூடியவர் அப்பட்டியலில் இருக்க மாட்டார். தமிழ் மொழிமூலப் பயிற்சியும் தமிழ் மொழிமூலப் பரீட்சையும் ஆரம்பத்திலேயே சேர்க்கப்படாவிடின், பின்னர் சேர்க்கப்படும் என்ற வாக்குறுதியின் பெறுமதி என்ன என்பது நமக்குப் பழக்கமானதே.

சான்றிதழ் வெறும் தாளாகிவிடும் அபாயத்தையும் நாம் அறிவோம். 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் அரச சேவையில் சேருவோர் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் எனச் சுற்றறிக்கை விதித்தது. பரீட்சையில் சித்தியடைந்தவர் பலர். ஆனால் தமிழில் ஒரு விண்ணப்பத்துடன் அலுவலகத்துக்குச் செல்பவர் இன்றும் எதிர்கொள்ளும் நிலைமையை வாசகர்கள் அறிவர். எழுத்துப் பரீட்சையால் அளக்கப்பட்ட மொழி மனிதருக்கு முன்னால் வாய் திறப்பதில்லை. ஆகவே சைகை மொழி உரைபெயர்ப்பாளரைப் பரீட்சிக்கும் குழுவில் செவிப்புலனற்றோர் பரீட்சகர்களாக அமர்த்தப்பட வேண்டும். மண்டேலா நிகழ்வில் போலியை இனங்கண்டவர்கள் அவர்களே என்பதை மறத்தலாகாது.

பொதுமக்கள் பார்வையிடக்கூடிய பதிவேடு, ஒழுக்கக்கோவை, முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறிமுறை, தொழிலுக்கேற்ற கொடுப்பனவு ஆகிய நான்கும் சான்றிதழுடன் இணைந்து வர வேண்டும். பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சைகை மூலம் வழங்கப்படும் கூற்று ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். இந்த இறுதி ஏற்பாட்டுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உரைபெயர்ப்புப் பிழையை மேன்முறையீட்டில் சுட்டிக்காட்ட வேறு வழியே இல்லை என்பதால், ஏனைய சீர்திருத்தங்களுக்குக் காத்திராமல் இதனை உடனே தொடங்கலாம்.

நமது மொழியில் நமது கூற்று பதியப்பட வேண்டும் என்று நாம் கோரியபோது, அது சலுகையன்று, நீதியின் முதற்படி என்றே வாதிட்டோம். அந்த வாதம் நேர்மையானதாயின் அது செவிப்புலனற்ற நமது சகோதரருக்கும் பொருந்தும். அவர் கையொப்பமிடும் தாளில் இருப்பது அவர் சொன்னதுதான் என்று பொறுப்புடன் கூறக்கூடிய ஒருவர் அவ்விடத்தில் இருக்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதை முன்கூட்டியே பரீட்சித்து அறிவது அரசின் கடமை. அதனைக் கேட்டு வாங்குவது, மொழியின் பெயரால் நீண்ட காலம் நீதி மறுக்கப்பட்ட நமது கடமை.