சின்ன வயசில் போனவர்கள்

எங்கள் ராயபுரத்தில் வாலிபப் பையன் திடீரென்று விழுந்து செத்தால், அந்தக் காலத்தில் ‘காத்து கருப்பு’ என்பார்கள். இப்போது ‘ஹார்ட் அட்டாக்’ என்கிறார்கள். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதுதான் ஹார்ட் அட்டாக். துடிப்பை நடத்தும் மின்னோட்டம் கெட்டு இதயமே நின்றுபோவது வேறு.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே அப்படித்தான் விழுந்தார். வயது 29. உடனே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்தார்கள். பிழைத்து, மறுபடி ஆட வந்துவிட்டார்.

நாமோ, விழுந்தவன் கைகால் உதறினால் வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேடுவோம். (நானும் தேடியவன்தான்.) மூச்சுப்பேச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நடுமார்பில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும்.

இதயத் தசை தடிக்கும் வியாதி ஒன்று வம்சவழியாக வரும். வீட்டில் யார் எந்த வயசில் எப்படிப் போனார்கள் என்பது டாக்டருக்குத் தெரியாது, பெரியவர்கள் நமக்குத்தான் தெரியும். அதை ஏன் மறைக்கிறோம்?

என் பெரியம்மா மகன் 24 வயசில் பந்தாடும்போது போனார். திருஷ்டி என்றே 50 வருஷம் சொல்லிவந்தோம். போன வாரம்தான் பேரனின் டாக்டரிடம் சொன்னேன். எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்.