சொந்த நிலத்து மரம்: உரிமை யாருக்கு, சுமை யாருக்கு?

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கடுமையான உத்தரவைப் பிறப்பித்தது. தாஜ்மஹாலைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மண்டலத்துக்குள், மதுரா – பிருந்தாவனம் பகுதியில் 454 மரங்கள் அனுமதியின்றி வெட்டப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பகுதி தனியார் பண்ணை நிலத்தில் நின்றவை. மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதத்தை நீதிமன்றம் உறுதி செய்தது. பெருமளவில் மரங்களை வெட்டுவது மனிதனைக் கொல்வதை விடக் கொடியது என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

இந்த ஒப்பீட்டில் நமக்கு உடன்பாடில்லை. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்பது நம் மார்க்கத்தின் நிலைப்பாடு. அதற்கு நிகராக வேறெதையும் வைக்க மாட்டோம். ஆனால் இந்த வழக்கு எழுப்பும் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. என் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஏன் கேட்க வேண்டும்?

பல மாநிலங்கள் இதற்கு விடை தேடி வருகின்றன. மகாராஷ்டிரா 2021இல் தனது 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 50 வயதைக் கடந்த மரங்களைப் 'பாரம்பரிய மரங்கள்' என வகைப்படுத்தியது. நிலம் அரசுடையதா, தனியாருடையதா என்ற வேறுபாடு அதில் இல்லை. தவிர்க்க முடியாமல் ஒரு மரத்தை வெட்ட நேர்ந்தால், அதன் வயது எத்தனையோ அத்தனை மரங்களை நட வேண்டும். 60 வயது மரத்துக்கு 60 மரங்கள்! ஹரியானா வேறு வழியில் போனது. 75 வயதைத் தாண்டிய மரத்தை வைத்திருப்பவருக்கு, முதியோருக்குத் தருவது போல ஓய்வூதியம். ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அறிவித்து, 2023இல் வழங்கத் தொடங்கியபோது 2,750 ரூபாயாகக் கொடுத்தார்கள். முதற்கட்டமாக 3,810 மரங்கள் இதில் சேர்க்கப்பட்டன. ஒரு மாநிலம் தடுக்கிறது, மற்றொன்று கையில் காசு கொடுக்கிறது. நம் தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் பெயரே சொல்வது போல, அது மலைப்பகுதிகளுக்கானது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மரம் என்றதும் நம் மேடைகளில் இரண்டு நபிமொழிகள் தவறாமல் வரும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மம் என்பது ஒன்று. மறுமை நெருங்கிவிட்ட நேரத்திலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொல்வது மற்றொன்று. இரண்டும் நடுவதைப் பற்றியவை. நம் கேள்வியோ வெட்டுவதைப் பற்றியது. அதற்கு அபூதாவூதில் உள்ள இலந்தை மரம் பற்றிய அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கடுமையாக எச்சரிக்கும் அறிவிப்பு அது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடம் விவாதம் உண்டு. நமக்கு இங்கே முக்கியமானது, இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் தரும் விளக்கம். பாலைவெளியில் நின்று, வழிப்போக்கருக்கும் கால்நடைக்கும் நிழல் தரும் இலந்தையை, அதில் தனக்கு எந்த உரிமையும் இல்லாத ஒருவர் வீணாக, அநியாயமாக வெட்டுவதையே இது குறிக்கும் என்கிறார்கள். அதே பாடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உர்வா (ரஹ்) அவர்களின் மகனார் ஹிஷாமிடம் இலந்தையை வெட்டுவது பற்றிக் கேட்கிறார்கள். அவர் தம் தந்தையின் வீட்டுக் கதவுகளைக் காட்டி, இவை தந்தையாரின் நிலத்து இலந்தையில் செய்தவைதாம், அவர் அதைக் குற்றமாகக் கருதவில்லை என்று பதில் சொல்கிறார்.

எச்சரிக்கையும் அனுமதியும் ஒரே பாடத்தில் அருகருகே இருக்கின்றன. பொதுவெளி மரத்தில் பிறர் நிழலுக்கு உரிமை இருக்கிறது; சொந்த நிலத்து மரத்தில் உரிமையாளரின் தேவைக்கு இடமிருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முதல் அறிவிப்பை மட்டும் மேடையில் முழங்குவது நேர்மையாகாது.

அப்படியானால் சொந்த நிலத்தில் எதையும் செய்யலாமா? அதுவும் இல்லை. உஸ்மானியர் காலத்தில் ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத் தொகுப்பு, தன் உடைமையை விரும்பியபடி பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. பிறருடைய உரிமை அதில் சம்பந்தப்படும்போது அந்த உரிமைக்குக் கடிவாளமும் போடுகிறது. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிநபர் தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் அதில் உண்டு. தெருவுக்கே நிழல் தரும் ஆலமரம், நூற்றுக்கணக்கான பறவைகள் அடையும் அரசமரம் ஆகியவற்றை இந்த விதியின் கீழ் கொண்டுவர முடியும் என்பதே நம் கருத்து. மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், மேய்ச்சல் நிலங்களை 'ஹிமா' எனப் பாதுகாத்ததும், ஒரு நிலப்பரப்பை மக்கள் நலனுக்காக ஆட்சியாளர் காக்கலாம் என்பதற்கு முன்மாதிரிகள்.

ஆனால் சுமையை யார் தலையில் வைப்பது என்பதிலும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க விரும்பியபோது, அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் போனது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது! பள்ளிவாசலுக்காகவே ஆனாலும் உரிமையாளரின் இசைவின்றி எடுக்க முடியாது என்று ஆனது. அதன் பிறகுதான் அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாகவே அந்த வீட்டை முஸ்லிம்களுக்குத் தர்மமாக வழங்கினார்கள்.

மகாராஷ்டிரச் சட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1975இல் வீட்டு வாசலில் ஒரு வேம்பை நட்டு வளர்த்தவர், இன்று மகளுக்கு ஓர் அறை கட்ட நினைத்தால் அலுவலகப் படிகளில் ஏற வேண்டும். அதே தெருவில் 49ஆம் வயதில் மரத்தை வெட்டி விற்றவருக்கு அந்தச் சுமை இல்லை. நட்டுக் காத்தவருக்குத் தண்டனை, முந்திக்கொண்டவருக்கு ஆதாயம் என்று ஆகிவிடுகிறது. 48, 49 வயது மரங்களின் வேரில் இரவோடு இரவாக அமிலம் ஊற்ற ஆள் தேட வைக்கும் சட்டமாக அது மாறிவிடக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டு ஆலுக்கும் அரசுக்கும் குளிர்நாட்டு மரங்களைப் போலத் தெளிவான ஆண்டு வளையங்கள் கிடையாது. மார்பளவு உயரத்தில் சுற்றளவை அளந்து உத்தேசமாகத்தான் வயது சொல்ல முடியும். அந்த உத்தேசத்தைச் சொல்லும் அதிகாரியின் பேனாவுக்கு எவ்வளவு விலை என்று வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பாரம்பரிய மரத் திட்டம் 2001இல் தொடங்கியது. மரம் ஒவ்வொன்றாகப் பரிந்துரைக்கப்பட்டு, நேரில் ஆய்வு செய்யப்பட்டு, தேர்ந்தெடுக்கப்படுகிறது. தேர்வான மரத்துக்கு இடிதாங்கி பொருத்துகிறார்கள், விவரப் பலகை வைக்கிறார்கள். வயது வந்தவுடன் எல்லா மரங்களும் தாமாகப் பட்டியலில் ஏறுவதை விட, தகுதியான மரத்தைத் தேர்ந்து, செலவையும் ஏற்பது நியாயத்துக்கு நெருக்கமானது. நம் ஊரில் மரத்தைக் காக்கும் சட்டம் வந்தால் கிளை கழிக்கும் செலவு யாருடையது, புயலில் கொம்பு முறிந்து அடுத்த வீட்டு ஓட்டில் விழுந்தால் இழப்பீடு யார் தருவது என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். வர்தா புயலில் 2016 டிசம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை அச்சமாகத் தோன்றாது.

நபித்தோழர் சமுரா (ரலி) அவர்களின் பேரீச்ச மரம் ஓர் அன்சாரியின் தோட்டத்துக்குள் நின்றது. அவர் வந்து போவது அந்தக் குடும்பத்துக்குத் தொல்லையாக இருந்தது. விற்கவும் மாற்றிக்கொள்ளவும் அன்பளிப்பாகத் தரவும் நபி (ஸல்) அவர்கள் கேட்டும் அவர் இணங்கவில்லை. இறுதியில் மரத்தைப் பிடுங்கிவிடும்படி அன்சாரிக்கு உத்தரவாயிற்று. (இதன் தொடரிலும் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு.) தீங்கு என்று உறுதியானபோது மரமும் விலக வேண்டியிருந்தது. அபாயமான மரத்தைக் கூட வெட்ட முடியாத ஒரு 'பாதுகாப்பு' நமக்கு வேண்டாம்.

நம் வளாகங்களில்...

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊர்களில் மிகப் பழைய மரங்களில் பல நம் கப்ருஸ்தான்களிலும் தர்காக்களிலும் பழைய பள்ளிவாசல் வளாகங்களிலும்தான் நிற்கின்றன. இவை தனியார் சொத்தும் அல்ல, அரசு சொத்தும் அல்ல, வக்ஃபு. 'பாரம்பரியம்', 'பாதுகாக்கப்பட்ட' என்ற சொற்களைக் கேட்டதும் முத்தவல்லிகளுக்கு அச்சம் வருவதை நாம் குறை சொல்ல மாட்டோம். தொல்லியல் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்த சொத்தை வக்ஃபு என அறிவித்தது செல்லாது என்று 2025 வக்ஃபு திருத்தச் சட்டம் சொல்கிறது. மரத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாதுதான். ஆனாலும், மரத்தைப் பதிவு செய்வதால் நிலத்தின் உரிமையோ வக்ஃபுத் தன்மையோ மாறாது என்ற ஒரு வரி எந்த மரப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

மறுபக்கம், தர்கா மரத்துக்குப் பட்டுத்துணி கட்டுவதும் நேர்ச்சைக் கயிறு கட்டுவதும் பாரம்பரியம் என்ற பெயரில் உள்ளே வரக் கூடாது. ஹுதைபிய்யாவில் உறுதிமொழி எடுக்கப்பட்ட மரத்தை மக்கள் நாடிச் செல்லத் தொடங்கியதும் உமர் (ரலி) அவர்கள் அதை வெட்டச் சொன்னதாக வரலாறு இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்தபோது எந்த மரம் என்பதில் எங்களில் இருவர் கூட ஒத்துப்போகவில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொல்வது புகாரியில் உள்ளது. மரத்தை நிழலுக்காகவும் பறவைக்காகவும் காப்போம். பரக்கத் தேடி அதைச் சுற்ற மாட்டோம்.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், கப்ருஸ்தானில் நின்ற புளியமரத்தை ஜமாஅத் விறகுக்கு விற்றது. வேர் கப்ருகளுக்குள் போகிறது என்றார் ஒருவர். அதில் ஜின் இருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் வெளிப்பட்ட காரணம், சாலையோரம் நான்கு கடைகள் கட்டும் திட்டம். காய்க்கும் வக்ஃபு மரத்தை விற்பனைக்காக வெட்டக் கூடாது, பட்டுப்போனதையும் சாய்ந்ததையும் விற்று வக்ஃபுக்கே சேர்க்கலாம் என்று ஃபிக்ஹு நூல்களில் பேசப்பட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரும் அதை நினைவுபடுத்தவில்லை, ஆலிம்களும் இருந்தார்கள். விறகுப் பணத்தில் சுற்றுச்சுவரின் ஒரு பக்கத்துக்கு வெள்ளை அடித்தார்கள். கடைகள் இன்னும் வரவில்லை. ஜனாஸாவுக்கு வருபவர்கள் இப்போது சாலைக்கு அப்பால், ஒரு தேநீர்க் கடையின் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கிறார்கள்.

அரசு சட்டம் கொண்டுவரும் வரை காத்திருக்காமல், அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பு ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் அளவு நாடாவோடு தன் கப்ருஸ்தானுக்குள் போகலாம். மரத்தின் பெயர், சுற்றளவு, நிற்கும் இடம், பட்டுப்போன கிளை எது என்று எழுதி, வக்ஃபு சொத்துப் பதிவேட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கலாம். எந்த மரத்தையும் வெட்டப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், முத்தவல்லி மாறினாலும் அந்தப் பக்கம் பதிவேட்டில் இருக்கும்.